ம் கொட்ட ஓர் ஆள்

பிள்ளைகளா, நான் போனைப் பார்த்து "கேக்குதுங்களா, கேக்குதுங்களா" என்று கத்துவதை நீங்கள் இரண்டு பேரும் நடித்துக் காட்டிச் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. அது ஏன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

கல்வராயன் மலையில் விளையும் சாமையை வாங்கும் சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. கள்ளக்குறிச்சியில் இருந்த ஆபீசைக் காலி செய்துவிட்டு, வீட்டிலிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைதோறும் போனில் வீடியோ மீட்டிங். பேசுகிறவரைத் தவிர மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட வேண்டும்.

நம் பக்கம் ஒருவர் பேசினால் எதிரில் இருப்பவர் ம் கொட்டுவார். ம் நின்றால் பேச்சும் நின்றுவிடும். மலையில் கூப்பிட்டால் எதிர்ப் பாறையாவது திருப்பிக் கூப்பிடும். இங்கே என் குரல் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, எங்கேயும் விழுந்த சத்தமில்லை. திரையில் கறுப்புக் கட்டங்கள், விளக்கணைத்துத் தூங்கும் வீடுகள் மாதிரி வரிசையாக. பாதியில் நிறுத்திக் கேக்குதுங்களா என்பேன். கேட்கிறது, சொல்லுங்கள் என்பார் மேனேஜர். இரண்டு வார்த்தை பேசி மறுபடி கேட்பேன்.

ஒரு புரட்டாசியில் மலைமேல் நாங்கள் சாமை வாங்கும் கொட்டகையை மூடப்போவதாகச் சொன்னார்கள். மூடினால் மலைக்காரர்கள் மூட்டையைக் கீழே சுமந்து வரவேண்டும், இல்லையென்றால் மேலே வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கவேண்டும். மூடக்கூடாது என்று சொல்ல எனக்குப் பத்து நிமிடம் கிடைத்தது.

உங்கள் அம்மாவைப் படத்தில் விழாத இடமாகப் பார்த்து எதிரே உட்காரவைத்தேன். மடியில் முறம், மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன். ம், என்றாள். ஒவ்வொரு ம்முக்கும் மலைப்பாதையில் ஒரு வளைவு ஏறியது போலிருந்தது. கதிர் சாய்ந்த சரிவு, அதன்மேல் நகரும் மஞ்சு மூட்டம், மஞ்சுக்குள்ளிருந்து தலையில் மூட்டையோடு ஒவ்வொருவராக வெளியே வரும் பெண்கள். போன் கண்ணில் இல்லை. அங்கேயேதான் இருந்தேன்.

"வருசம் பூரா மூட்டை வந்துக்கினே இருக்கும் சார்," என்றேன்.

ம் வரவில்லை. அவள் கை மல்லாட்டையில் அப்படியே நின்றிருந்தது.

"இல்ல சார். அறுப்பு முடிஞ்சி மூணு மாசந்தான் வரும். அப்பறம் வராது."

ம், என்றாள்.

மேனேஜர் கேட்டார், "யாருங்க அது, நடுவுல ம் கொட்டறது?"

"வூட்ல இருக்கறவங்க சார். எதிர்ல யாரும் ம் கொட்டலன்னா எனக்குப் பேச வராது சார்."

பிறகு ஒவ்வொரு கட்டமாக மைக் திறந்தது. ஒரு வீட்டில் மின்விசிறி, ஒரு வீட்டில் குக்கர் விசில், எங்கேயோ ஒரு சேவல். "சரி, மேல சொல்லுங்க. நாங்களும் கொட்டறோம்," என்றார் மேனேஜர்.

கடைசியில், அந்த மூன்று மாதம் கொட்டகை திறந்திருக்கட்டும், மற்ற நாள் பூட்டிவிடலாம் என்று முடிவானது. ஏன் நடுவில் நிறுத்தினாய் என்று பிறகு உங்கள் அம்மாவைக் கேட்டேன்.

"பொய்க்கு எப்படிங்க ம் கொட்டறது?" என்றாள்.

மறுநாள் காலை நான் மட்டும் வண்டியில் மலையேறினேன். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை திறந்திருக்கும் என்று கொட்டகைக் கதவில் சாக்பீசால் எழுதினேன். ஈரத்தில் எழுத்து பிடிக்கவில்லை. துண்டால் கதவைத் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, மறுபடி பெரிதாக எழுதினேன்.