பாதியில் மூடிய பற்கள்

திரும்பி வருவார் என்ற உறுதியில்லாத ஒருவரின் பல்லைப் பாதி சுத்தம் செய்து, மூடி அனுப்புவது சரியா? என்னோடு வேலை செய்த பல் வைத்தியர் சுகுணாவோடு பத்தொன்பது வருடங்கள் இதற்காகச் சண்டை பிடித்தேன். நோயாளி வராமல் போவார் என்று நினைத்தே இருவரும் வாதாடினோம். வைத்தியர் வராமல் போகலாம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அவள் இறந்த செய்தி வந்தபோது ஒருவருக்கு விறைப்பு ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கிளினிக்கில் உதவியாளராக இருக்கும் நேசம் அக்கா வாசலில் நின்று, "டொக்டர், சுகுணா டொக்டர்..." என்றார். டெங்கு என்று மூன்று நாட்களாக ஆஸ்பத்திரி விடுதியில் கிடந்தவள். கரையோர ஊரான பனிச்சங்கேணியில் நடக்கும் நடமாடும் பல் கிளினிக்கைப் பற்றி முதல் நாள் பின்னேரம்கூடத் தொலைபேசியில் பேசினாள். "வியாழக்கிழமை பனிச்சங்கேணிக்கு நீ போ கா. என்னால ஏலா போல கெடக்கு. ஆனா கண்டபடி புடுங்கிப்போடாத." நான் "பாப்பம்" என்றேன். அவளிடம் நான் சொன்ன கடைசிச் சொல் அது. ஊசி போட்ட அந்தப் பல்லைக் காப்பாற்ற வழியில்லை. அதைப் பிடுங்கிவிட்டுத்தான் அவளைப் பார்க்கப் போனேன்.

இந்த அஞ்சலிக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பலர் அவளுடைய கதிரையில் வாய் திறந்து கிடந்தவர்கள். அவளுடைய முறை உங்களுக்குத் தெரியும். பல்லை ஆழமாக அரித்த சூத்தையை ஒரேயடியாகத் தோண்டினால் நரம்பு திறந்துகொள்ளும். ஆகவே ஓரங்களைச் சுரண்டி எடுத்து, அடியில் கொஞ்சத்தை அப்படியே விட்டு, இறுக்கமாக மூடிவிடுவாள். உள்ளே அடைபட்ட கிருமிக்குத் தீன் இல்லை. பல் தன் அடியைத் தானே இறுக்கிக்கொள்ளும். சில மாதங்களின் பின் திறந்து பார்த்து நிரந்தரமாக அடைக்க வேண்டும். பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்த முறைதான். ஆனால் அதை எழுதியவர்களின் நோயாளிகள், சொன்ன நாளுக்குத் திரும்பி வர முடியாமல் இறால் பிடிக்கப் போகிறவர்கள் அல்ல.

ஒருமுறை ஒரு மீனவர் மனைவியோடு வந்தார். "ஒரு நாள் தொழில உட்டுட்டு வந்திரிக்கன் டொக்டர். புடுங்கிப்போடுங்க, தொல்லை முடிஞ்சிரும்."

"வாய்க்குள்ள இரிக்கிறதெல்லாம் தொல்லையோ? நாக்கும் சும்மா கெடந்து அலட்டுது. அதையும் வெட்டி உடட்டா?" என்று கேட்டாள் சுகுணா.

"முதல்ல அதச் செய்ங்க டொக்டர், கோடி புண்ணியம்" என்றார் மனைவி. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மனிதர் வெட்கத்தோடு வாயைத் திறந்தார். அந்தப் பல்லையும் சுகுணா மூடித்தான் அனுப்பினாள். "புடுங்குறதுக்கு எப்பவும் நாள் இரிக்கி" என்பாள்.

எப்போதும் இருக்கவில்லை. உன்னிச்சையிலிருந்து வந்த ஒரு விவசாயி, அவள் மூடிய பல்லோடு ஒரு வருடத்துக்கு மேல் வரவேயில்லை. வந்தபோது தாடை கழுத்துவரை வீங்கி, மூச்சுக்குத் திணறினார். பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம். எல்லோர் முன்னிலும் நான் சொன்னேன்: "அண்டைக்கே புடுங்கியிருந்தா இந்த மனுசன் இப்ப வட்டையில வெள்ளாமை பாத்திட்டு நிப்பார். இது உன்ட பிடிவாதம்." அவள் தினமும் விடுதிக்குப் போய் அவரைப் பார்த்தாள். அவர் வீட்டுக்குப் போகும் நாளில், ஏன் வரவில்லை என்று கேட்டாள். "நீங்க ஒரு திகதி எழுதித் தந்தீங்க டொக்டர். திகதிய நான் எங்க போய்த் தேட? வெட்டு முடிய வா எண்டிருந்தா வந்திருப்பன்."

அதற்குப் பிறகு அவள் நோயாளி அட்டையில் திகதி எழுதவில்லை. அறுவடை முடிந்து வர வேண்டிய வயல்காரருக்கு 'வெட்டு முடிய' என்று எழுதினாள். கரையோர ஊர்களுக்கு 'கதவு திறக்க முந்தி' என்று எழுதினாள். அம்மன் கோயிலில் வருடச் சடங்கு கதவு திறப்போடு தொடங்கும். அந்த நாளை யாரும் மறப்பதில்லை. கூடுதலானோர் திரும்பி வரத் தொடங்கினார்கள். இதை நான் அவளிடம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

இறுதிக்கிரியை முடிந்த பின்னேரம், நேசம் அக்காவும் நானும் கிளினிக்கில் இருந்த பனிச்சங்கேணி நோயாளிகளின் அட்டைப் பிரதிகளை எடுத்துப் பார்த்தோம். பதினொரு பேரின் பற்கள் மூடியபடி இருந்தன. பாக்கியம் என்ற பெண்ணின் அட்டையில் 'வலப்பக்கம் மெல்லுவதற்கு இது ஒன்றுதான் மிச்சம்' என்று சிவப்பில் எழுதியிருந்தாள். எல்லா அட்டைகளிலும் 'கதவு திறக்க முந்தி'.

"எந்தக் கோயில் கதவு அக்கா?"

"அது அவவுக்குத்தான் தெரியும் டொக்டர். ஆளப் பாத்தோடன சொல்லுவா."

ஒவ்வொரு கோயிலிலும் கதவு ஒவ்வொரு நாளில் திறக்கும். சில திறந்து முடிந்திருந்தன, சில இனித்தான். அட்டைகளில் இருந்த தொலைபேசி எண்களுக்கு அழைத்தோம். இரண்டுதான் வேலை செய்தன, இரண்டிலும் வேறு யாரோ பேசினார்கள். மூடிய பல் வெளியே பார்க்க நல்ல பல் போலத்தான் இருக்கும். வலி எடுத்த பின் தெரிந்து பயனில்லை. நேசம் அக்கா அட்டைகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினார். எந்த ஒழுங்கில் அடுக்கினாலும் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களோடு படித்தவர்களில் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். என்ன செய்வது என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

அவளிடமிருந்து எனக்கு எஞ்சியது ஒரு பழக்கம். பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்த பிறகு, அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை வாய்க்குள் பார்ப்பது. அது எப்போது என்னுடையதாயிற்று என்று தெரியாது. அவளுடைய நம்பிக்கை மட்டும் எனக்கு வரவில்லை.

மறுநாள் வியாழன். பனிச்சங்கேணிப் பாடசாலையில் கதிரையைப் போட்டோம். பாக்கியம் முதலில் வந்தார். சுகுணா இல்லை என்று நேசம் அக்கா சொன்னதும், "அப்ப புடுங்கி உடுங்க. இனி ஆரு பாக்கிற?" என்றார். மூடிய பல்லைத் திறந்தேன். பல்லின் அடி கறுத்து, உலர்ந்து, கல்லாக இருந்தது. சோதிக்கக் குளிர்ந்த பஞ்சை வைத்தபோது துள்ளினார். நரம்புக்கு உயிர் இருந்தது. நிரந்தரமாக அடைத்தேன். பத்து மணியளவில் தங்கராசா என்ற மீனவர் வந்தார். "எங்கட கோயில் கதவு நாளைக்குத்தான் டொக்டர், அதான் இண்டைக்கு வந்தன்" என்றார். ஈறு வீங்கியிருந்தது. பல் செத்திருந்தது. சுகுணா நினைத்தது அவருடைய கோயில் கதவையா, வேறு கதவையா என்று தெரியாது. முந்தி வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. பிடுங்கினேன். மற்ற ஒன்பது பேரும் வரவில்லை. நான்கு மணிவரை இருந்தோம்.