தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும்

பேராசிரியை என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் தலையில் எழுதியிருந்தது இதுதான்: "கெட்டவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சமூகம் எங்கே?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குச் சாயங்கால டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து, வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்ற கவலையோடு பட்டப்படிப்பு படிக்கிற நடுத்தர வயதுக்காரி நான். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு நடக்கும் அநீதியைச் சமூகவியல் கருத்துகளால் விளக்க வேண்டும் என்பது தலைப்பு. கொடூரமான போலீஸ்காரர், ஈவிரக்கமில்லாத முதலாளி என்று வரிசையாக நிறுத்தி, மனிதர்கள் மனம் மாற வேண்டும் என்று முடித்திருந்தேன். திரும்பப் படித்தால் பழைய தமிழ்ப் படம் மாதிரிதான் இருந்தது. வில்லன் திருந்தினால் சுபம்.

பேராசிரியை அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. அவரிடம் போய் நான் என்ன வாதாடுவது? கடைசியாக வகுப்பின் முன் நின்று இதையே பேச வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். மறுமுறை முயலவும் வழியில்லை. கணவரின் வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது. அவர் விசா ரத்தானால் அதைப் பிடித்துத் தொங்கும் என் விசாவும் போய்விடும்; ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட படிப்பு இந்த முறையும் பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்து செத்தேன்.

பாடத்தில் 'அமைப்புசார் பாகுபாடு' என்று ஒரு கருத்து. யாரும் யாரையும் வெறுக்காவிட்டால்கூட வழக்கமும் விதியுமே ஒரு கூட்டத்தைத் தள்ளி நிறுத்திவிடும் என்பது அதன் சாரம். மனப்பாடமாகச் சொல்வேன். நம்பத்தான் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கணவர் சோபாவில் சாய்ந்து எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவுக்கு வீட்டு விளம்பரம் தட்டிக்கொண்டிருந்தார். காலி செய்கிறவர்களே அடுத்த ஆளைப் பிடித்துக் கொடுத்தால் வீட்டுக்காரரோடு தகராறில்லாமல் கிளம்பலாம். சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"டூ பெட்ரூம், பால்கனி, பஸ் ஸ்டாப் பக்கம். தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும். சரியா இருக்கா?"

"அது ஏங்க தமிழ்க் குடும்பம் மட்டும்?"

"எல்லாரும் அப்படித்தானே போடறாங்க?"

"நாமதான் கிளம்பறோமே, யார் வந்தா உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. யார் மேலயும் எனக்குக் கோபம் கிடையாது. குரூப்ல இருந்த பழைய விளம்பரத்தைக் காப்பி பண்ணேன், அதுல இருந்துச்சு."

நான் துள்ளி எழுந்தேன். மடியிலிருந்த கீரை தரையெல்லாம் சிதறியது.

"இதுதாங்க! இதேதான்!"

"என்னாச்சு? கரப்பானா?" என்று அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

வகுப்பில் அந்த விளம்பரத்தைத் திரையில் போட்டேன். இதை எழுதியவர் எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், ஆனாலும் இந்த வரி ஒரு கதவைச் சாத்துகிறது என்றேன். பிறகு பேச்சை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு காலத்தில் அரசாங்கமும் வங்கிகளும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் குறித்து, வீட்டுக் கடன் கிடைக்காமல் செய்தன. வீடு வாங்க முடியாதவர் பிள்ளைக்கு வீடு விட்டுப்போக முடியாது. வீட்டு வரியை நம்பி நடக்கும் பள்ளிக்கூடமும் அந்தப் பகுதியில் ஏழையாகவே இருக்கும். கோடு போட்டவர்களிடம் வெறுப்பு இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை, பழையதைக் காப்பி எடுத்தாலே போதும் என்றேன்.

"அப்படியானால் உங்கள் விளம்பரமும் அதுவும் ஒன்றா?" என்று கேட்டார் பேராசிரியை.

 நான் திரையில் இருந்த விளம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லை, மேடம். நாங்கள் கதவைச் சாத்தினால் வந்தவர் அடுத்த பில்டிங்கில் கேட்கலாம். அங்கே அடுத்த பில்டிங்கே இல்லை. வங்கி, சட்டம், போலீஸ் எல்லாம் ஒரே பக்கம் நின்றன. அதற்கும் முன்னால் அடிமைத்தனம். என் வீட்டுக் கதவை வைத்து அதை அளக்க முடியாது. ஒரு கதவு எப்படிச் சாத்தப்படுகிறது என்று புரிந்துகொள்ளத்தான் முடியும்."

 பேராசிரியை சொன்னார்: "நான் இங்கே வந்த புதிதில் போனில் 'வீடு இருக்கிறது' என்றார்கள். நேரில் போய் நின்றதும் 'போய்விட்டது' என்றார்கள். என் ஊரில் என் அம்மாவுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. உங்கள் கட்டுரையில் இப்போது சமூகம் வந்துவிட்டது."

தேறிவிட்டேன், அதுவும் வகுப்பில் முதலாவதாக! காரில் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், அழுதேன். "மார்க் என் விளம்பரத்துக்குத்தானே?" என்று அவர் பங்கு கேட்டார். பங்கு தரவில்லை. விளம்பரத்திலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னேன்.

"குரூப்ல ஏதாவது சொல்வாங்களே?"

"சொல்லட்டுமே. எல்லா குரூப்லயும் போடுங்க."

போட்டார். ஒரு சூடான் நாட்டுக் குடும்பம் வந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் வாசலில் தயங்கி நின்று, "நிஜமாகவே இன்னும் காலியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இரண்டாவது முறையும் கேட்டாள். நான் மாற்றுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.