ரோட்டோரப் பருத்திக்கு ஒரு குளியல்

செடி எவ்வளவு பச்சையா இருக்குன்னு கருவி பிடித்து அளப்பதும் ஒரு பிழைப்புதான். பிள்ளைப்பாக்கத்தில் தனம் என்கிற பொம்பளையின் பருத்திக் காட்டில் அதைத்தான் செய்கிறேன். வெயிலில் கருவி தூக்கி அலைந்தவங்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

கோலும் மோரும்

நீளக் கழி, நுனியில் கருவி. செடிக்கு மேலே ஒரே உயரத்தில் பிடித்து நடக்கணும். பச்சை கூடினால் நம்பர் ஏறும், குறைந்தால் இறங்கும். கருவி வரும் என்று எங்க ஆபீஸில் தனத்திடம் சொல்லியிருந்தார்களாம். கழியோடு ஆள் வருவான் என்று சொல்லவில்லை. நம்ம பக்கத்தில் கழியோடு வருகிறவன் பேக்டரிக்கு நிலம் எடுக்க வருகிறவன்தானே! பட்டா ஜெராக்ஸோடு தனம் ஓடிவந்துவிட்டது.

"இன்னாண்ணே, நெலத்த அளக்க வந்தீங்களா? அப்டியே திரும்பிக்கோங்க. செடிய அளக்க வந்தீங்களா? ஒக்காந்து மோர் குடிங்க."

டாப்பு மூலை

ஒருநாள் கிழக்கு மூலையில் நம்பர் எகிறியது. எங்க இன்ஜினீயர் செல்வம் கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். "அந்த மூலைதான் பெரியவரே டாப்பு!" என்று போனிலேயே துள்ளினார். தனம் போய்ப் பார்த்தால், பருத்தியை அமுக்கிக்கொண்டு கோரைக் களை நிற்கிறது. கருவிக்குப் பச்சை தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. என் போனைப் பிடுங்கித் தனம் சொன்னது:

"சார், கோரையில பஞ்சு வெடிச்சா நீங்களே வந்து பறிச்சிகினு போங்க."

புழுதி

பெரிய சிக்கல் அடுத்ததுதான். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரம் பத்து வரிசை. அங்கே வாராவாரம் நம்பர் இறங்கியது. நிலத்தில் பாதி தனத்தின் கொழுந்தன் முருகேசனுக்கு, கிணறும் அந்தப் பாதியில். "பருத்தி தேறலன்னா என் பங்க பிளாட்டுக்கு வித்துடுவேன்" என்று சொல்லிவிட்டான். கிணறு போனால் தனத்துக்கு விவசாயமே இல்லை.

செல்வம் நேரில் வந்து, உரம் போடலாம் என்றார். நான் வேர்வைத் துண்டால் ஒரு இலையைத் துடைத்தேன். துண்டு செம்மண் நிறமாச்சு, இலை கரும்பச்சை! மருந்தடிக்கிற டேங்கில் வெறும் தண்ணி ஊற்றி, பத்து வரிசையையும் கழுவினோம். காய்ந்ததும் அளந்தேன். நடுக்காட்டில் வரும் அதே நம்பர். பார்க்க வந்த முருகேசன் கருவியை நம்பாமல் குனிந்து மொக்குகளை எண்ணினான்; நடுக்காட்டுக்குக் குறைவில்லை. பிறகு தலையைச் சொறிந்தான்.

"சரி அண்ணி, விக்கல. ஆனா லாரி டெய்லி ஓடுதே, இத யாரு குளிப்பாட்டறது?"

அளக்க மட்டும் என்று வேலைக்குச் சேர்ந்த நான், இப்போ கையில் கருவியும் முதுகில் தண்ணி டேங்குமாக, பவுடர் ஒன்றுதான் பாக்கி என்கிற அளவுக்குப் பருத்தியைச் சீராட்டித்தான் நம்பர் எடுக்கிறேன்.