பீரோவுக்குள் போன கண்ணாடி

என் தங்கை முத்துமீனா முன்னால் ‘சோம்பேறிக் கண்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. “எம் மக கண்ணு சோம்பேறி இல்ல. நம்மதான் சோம்பேறி” என்பாள். ஆரப்பாளையத்தில் லாரி பார்சல் ஆபீசில் புக்கிங் போடுகிறவள். பத்து லோடுமேன்களை அடக்குகிற குரல்.

மகள் தமிழ்வாணிக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில்தான் விஷயம் தெரிந்தது: இடது கண்ணில் பவர் அதிகம், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு வலது கண்ணால் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டது. வெளியில் ஒரு குறையும் தெரியாது, பிள்ளையும் சொன்னதில்லை. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை கண்ணாடி, தினம் இரண்டு மணி நேரம் வலது கண்ணை மூடி பேட்ச். ஏழு வயதுக்குள் பலன் அதிகம், வயது ஏற ஏறக் குறையும் என்றார் டாக்டர். முத்துமீனா நான்கு மாதம் ஒரு நாள் தவறவிடவில்லை. ஆஸ்பத்திரி போர்டில் மூன்று வரி கூடுதலாகப் படித்தாள் தமிழ்வாணி.

அப்போதுதான் நான் லீவில் வந்தேன். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும் என்று, நான் தோஹாவிலிருந்து வரும்வரை தள்ளிப்போட்டிருந்த காதுகுத்து. உசிலம்பட்டியில், தங்கை கணவன் அருண்பாண்டியின் அக்கா ராமக்காள் வீட்டில் நடந்தது. ராமக்காளுக்குப் பிள்ளை இல்லை. கோடை லீவு முழுக்கத் தமிழ்வாணி தன்னிடமே இருக்கட்டும் என்று ஆசையாகக் கேட்டாள்; விட்டுவிட்டு வந்தோம். ஆபீசில் சீசன் நேரம் என்று முத்துமீனாவால் போய்ப் பார்க்க முடியவில்லை; போனில் கேட்டால் “போட்டுத்தான் இருக்கா” என்பாள் ராமக்காள்.

தோஹா திரும்பியபின் வீடியோ காலில் பார்த்தால் பிள்ளை முகத்தில் கண்ணாடி இல்லை. “இப்பத்தான் குளிக்கக் கழட்டுனேன்” என்றாள் ராமக்காள். அடுத்த முறையும் குளியல். அதற்கடுத்த முறையும். தூரத்தில் இருப்பவன் வாயைக் கொடுத்து உறவைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஜூனில் பிள்ளை திரும்பியதும் ஆஸ்பத்திரியில் பரிசோதனை. ஏறிய மூன்று வரியில் இரண்டைக் காணோம்.

“கண்ணாடி எப்ப எப்ப போடுவ பாப்பா?” என்று கேட்டிருக்கிறாள் பரிசோதித்த பெண்.

“ஆஸ்பத்திரிக்கு வரும்போது. மத்த நேரம் அத்தை பீரோவுல பத்திரமா வச்சிருந்துச்சு.”

முத்துமீனா வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளையோடு நேரே உசிலம்பட்டி பஸ் ஏறினாள். பின்னாலேயே பைக்கில் போன அருண்பாண்டி சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும்.

“காது புண்ணா இருந்துச்சு மீனா. கம்பி உரசும்ல” என்றாளாம் ராமக்காள்.

“மதினி, தோடு கீழ கெடக்கு. கம்பி மேல உக்காருது. ஒன்றரை மாசமா அது எறங்கி எறங்கி வந்து உரசுச்சாக்கும்?”

“பொம்பளப் பிள்ள. சோடாபுட்டிய மாட்டி தெருவுல விட்டா நாலு பேரு என்ன சொல்லுவாக? அம்புட்டு லட்சணமான மூஞ்சி.”

“அந்த நாலு பேருக்கும் ரெண்டு கண்ணும் தெரியுதுல்ல. பேசத்தான் செய்வாக.”

“அக்காகிட்ட பேசுற பேச்சா இது?” என்று அருண்பாண்டி குறுக்கே வந்திருக்கிறான்.

“நீங்க வாராவாரம் இங்க வந்து கறி தின்னீகள்ல. தட்டப் பாத்தீக. பிள்ள மூஞ்சியப் பாத்தீகளா?”

இதையெல்லாம் சொல்லிவிட்டு அருண்பாண்டி போனை வைத்ததும் முத்துமீனா கூப்பிட்டாள்.

“அண்ணே, கண்ணாடி போடலன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“மடி குடுக்க மட்டும் பிளேன் ஏறி வந்தியாக்கும்.”

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. ராமக்காளின் போனை இன்றுவரை எடுப்பதில்லை.

இப்போது பேட்ச் ஆறு மணி நேரம். பள்ளிக்கூடத்தில் பாதி, மீதி பார்சல் ஆபீசில் அம்மா கண்பார்வையில். வலது கண்ணை ஒட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டி, மூட்டைகளின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் படிக்கச் சொல்கிறாள். “பச்சப்புள்ள, பாவம்க்கா” என்ற லோடுமேன் பேயாண்டிக்கு உடனே பதில் கிடைத்தது: “பாவம் பாக்குற ஆளு வெளிய போயி லோடு எறக்கு.”

டாக்டர் சொன்ன ஏழு வயதுக்கு இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை. நேற்று வீடியோவில் பார்த்தேன். ஒரு மூட்டை முன்னால் நின்று “மே” என்று தொடங்கிய தமிழ்வாணி அடுத்த எழுத்து பிடிபடாமல் அப்படியே நின்றாள். கவுன்டரில் ஆட்கள் காத்திருந்தார்கள். முத்துமீனா அந்த எழுத்தை எடுத்துக்கொடுக்கவில்லை.