மூன்று டம்மி ரீட்

1. மணி அடிக்காத போன்

"உங்க பெட்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களுக்கு வேணாம்."

தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமின் ரிசப்ஷனில், அத்தனை நோயாளிகள் முன்னால், அந்த அம்மா இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் அங்கே நிர்வாகி. எதிரில் நானும் தேவராஜும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆஸ்பத்திரி, லாட்ஜ் போன்ற இடங்களில் அறைக்கு அறை பேசிக்கொள்ளும் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளைத் தயாரிக்கும் கம்பெனி எங்களுடையது. குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ஷெட்டும் மாடியில் நாலு அறையும். எக்ஸ்சேஞ்சுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை டிசைன் செய்தவர் கோவிலம்பாக்கத்துக்காரர் தேவராஜ். அந்த போர்டை ஓட்டும் அடிப்படை ப்ரோகிராமான கெர்னலை எழுதியவள் நான்.

"லேபர் வார்டுலேர்ந்து நர்ஸ் போன் பண்றா, டாக்டர் ரூம்ல மணியே அடிக்கல. அந்த நர்ஸ் பொண்ணு மாடிப்படி ஏறி ஓடியிருக்கா. ஏதாவது ஆயிருந்தா யாருங்க பதில் சொல்றது? நீங்களா?"

தாய்க்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பெட்டியைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு திரும்பினோம். தேவராஜின் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம்.

2. யாரும் கூப்பிடாத கூப்பாடு

போனை எடுத்தாலோ எண்ணை அழுத்தினாலோ ப்ராசசருக்கு ஒரு கூப்பாடு போகும். அதுதான் இன்டரப்ட். பல லைன்கள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால், யாரை முதலில் உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் சிப்புக்கு இன்டரப்ட் கன்ட்ரோலர் என்று பெயர். கூப்பிட்டவரின் வேலையை முடித்ததும், 'ஆயிற்று' என்று கெர்னல் அந்தச் சிப்பில் எழுத வேண்டும். உடனே சிப் கூப்பிடுவதை நிறுத்த வேண்டும்.

எங்கள் போர்டில் அது உடனே நிற்கவில்லை. அந்தக் கண்ணிமைப்பொழுதுக்குள் ப்ராசசர் திரும்பி வந்துவிடும். இன்னும் கூப்பாடு கேட்கிறதே என்று மறுபடி உள்ளே ஓடும். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அப்படியே குழம்பி நின்றுவிடும். இப்படி ஒரு நிலை வரும் என்பதற்குச் சிப்போடு வந்த மேனுவலில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு வாரம், சிக்னல்களைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசரையே பார்த்துக்கொண்டிருந்து நாங்களாகக் கண்டுபிடித்தது.

சிக்னலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஸ்கோப்பின் முனையைப் போர்டில் ஓர் இடத்தில் வைத்துப் பார்த்த தேவராஜ், "மேடம், தப்பு எம் போர்டுல கீது" என்றார். "இந்த டிராக்கைப் பாருங்க. போர்டையே சுத்திக்கினு வருது. அதான் சிக்னல் உடனே எறங்க மாட்டேங்குது."

தப்பு அவருடையதும் அல்ல. முன்பு வாங்கிக் குவித்த பழைய கேபினட்டுக்குள் போர்டு அடங்கியாக வேண்டும் என்று எம்.டி. சொல்லியிருந்தார். அதனால்தான் அந்தக் கம்பித்தடம் அப்படி ஊரைச் சுற்றி வந்தது. போர்டை மாற்றித் தருகிறேன் என்று தேவராஜ் சொன்னபோது, எம்.டி. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. ஹேமா, நீ சாப்ட்வேர்ல பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். 'ஆயிற்று' என்று எழுதிய கையோடு அதே சிப்பிலிருந்து ஒரு முறை படித்தால், எழுதியது போய்ச் சேரும் வரை ப்ராசசர் காத்திருந்தே தீரும். படித்த மதிப்பால் பயன் ஒன்றும் இல்லை; காத்திருக்கத்தான் அந்தப் படிப்பு. டம்மி ரீட் என்போம். ஒரு ரீட் போதவில்லை. இரண்டு போட்டால் வெயில் நேரத்தில் மட்டும் தகராறு செய்தது. மூன்று போட்டதும் நின்றது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத மூன்று அது. அந்த ஒரு போர்டில் ஓடிய அந்த ஒரு டிராக்குக்காக வந்தது. காரணத்தை எங்கள் இருவர் பெயரோடு ப்ரோகிராமிலேயே குறிப்பாக எழுதி வைத்தேன். யாருமில்லாத கூப்பாடு வந்தாலும் கெர்னல் குழம்பாமல் திரும்பும்படி, இன்டரப்ட் பகுதி முழுவதையும் திருத்தி எழுதினேன்.

பெட்டி மறுபடி நர்சிங் ஹோமுக்குப் போனது. பிறகு அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லை. தேவராஜுக்குப் பெண் குழந்தை பிறந்தது, அதே நர்சிங் ஹோமில்.

3. சும்மா ரெஃபரன்ஸுக்கு

அடுத்த வருடம் எம்.டி. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு கூட்டு ஒப்பந்தம் போட்டார். இனிமேல் அவர்களுடைய கெர்னல்தான் என்றார்கள்.

"அவங்க கெர்னல்ல நம்ம இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு சப்போர்ட் இல்லையாம். உன் ப்ரோகிராமை ஒரு ஃப்ளாப்பியில போட்டுக் குடும்மா. சும்மா ரெஃபரன்ஸுக்கு."

கொடுத்தேன். என் வேலை கடல் தாண்டிப் போகிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

சில மாதங்களில் அங்கிருந்து, அதே சிப் வைத்த போர்டுகளே தயாராக வந்து இறங்கின. இனி இங்கே யாரும் போர்டு டிசைன் செய்ய வேண்டியதில்லை. ஹார்டுவேர் செக்ஷனை மூடினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி, தேவராஜையும் இன்னும் நால்வரையும் அனுப்பிவைத்தார்கள். "உன் திறமைக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும்ப்பா" என்று எம்.டி. தோளில் தட்டிக்கொடுத்தார். அப்படியானால் இங்கேயே ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4. கோர் டீம்

புதிய கெர்னலைச் சொல்லிக்கொடுக்க அந்தக் கம்பெனியின் பெங்களூர் ஆபீஸிலிருந்து ஒரு பையன் வந்தான். டை கட்டிய தமிழ்ப் பையன், மரியாதையாகப் பேசினான். ப்ரொஜெக்டரில் இன்டரப்ட் கன்ட்ரோலர் பகுதியைப் போட்டான். மேலே அவர்கள் கம்பெனியின் பெயரும் உரிமை வாசகமும். என் குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. ப்ரோகிராமுக்குள் நான் வைத்திருந்த பெயர்களையும் மாற்றியிருந்தார்கள். ஆனால் கீழே வர வர ஒவ்வொரு வரியும் நான் எழுதிய வரியாகவே இருந்தது. மூன்று டம்மி ரீட், ஒன்றன்கீழ் ஒன்றாக.

"இந்த மூணு ரீடுல மட்டும் யாரும் கை வைக்காதீங்க" என்றான். "ஏன்னு எனக்கே தெரியாது. எங்க கோர் டீம் நிறைய ரிசர்ச் பண்ணிப் போட்டிருக்காங்க."

நான் எழுந்தேன். "அது எங்க பழைய போர்டுல ஒரு டிராக் நீளமா போனதால போட்டது சார். உங்க போர்டுக்கு ஒண்ணு போதும்."

அவன் சிரித்தான். "அப்படி இருக்காதுங்க மேடம்."

பின்வரிசையிலிருந்து எம்.டி.யின் குரல் வந்தது. "ஹேமா, உக்காரு. டவுட்டெல்லாம் லஞ்ச்ல கேட்டுக்கலாம்."

உட்கார்ந்தேன். மாலையில் அவர் அறைக்குப் போனேன்.

"சார், அது நம்ம ப்ரோகிராம்."

"தெரியும்மா. அதுக்குத் தனியா லைசன்ஸும் வாங்கியாச்சு."

"நாம எழுதினதுக்கு நாமளே லைசன்ஸ் வாங்கினோமா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "நீ எழுதினதுன்னு வெளியில சொல்லிடாத. இம்போர்ட்டட்னாதான் கஸ்டமர் நம்புவான்."

ராஜினாமா செய்திருக்கலாம். வீட்டில் என் சம்பளமும் வேண்டியிருந்தது. மறுநாள் வழக்கம்போல அஸ்தினாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தக் கெர்னலிலேயே வேலையைத் தொடங்கினேன்.

5. பல்லாவரத்தில்

தேவராஜ் பல்லாவரத்தில் ஸ்டெபிலைசர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்ந்து சிரிப்போம் என்று நினைத்துத்தான் போனேன். அவர் சிரிக்கவில்லை. சூடாக இருந்த சோல்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார்.

"அப்போ எம் போர்டு வோணாம், நானும் வோணாம். எம் போர்டுல இருந்த தப்பு மட்டும் வோணுமா அவனுங்களுக்கு?"

ஒரு வாடிக்கையாளர் வந்து, "ரெடியாண்ணா?" என்று கேட்டார். தேவராஜ் எழுந்து போய் அவரைக் கவனித்தார். நான் கிளம்பினேன்.

அதன்பிறகும் அதே கம்பெனியில் பல வருடங்கள் இருந்து ஓய்வு பெற்றேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் அனுபவத்தில் கற்றதைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். உழைப்பு வீண் போகாது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், எங்கள் உழைப்பும் வீண் போகவில்லை. நாங்கள் பார்த்தேயிராத ஊர்களில், தேவையே இல்லாத போர்டுகளில்கூட, ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் மூன்று முறை ஓடியது. உழைத்தவர்கள்தான் வீண் போனார்கள். இவை இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் நான் கற்றுக்கொண்டேன்.