பிளாஸ்டர் வாளியில் ஒரு கை

அந்தத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பம்பரம் டீச்சர்'. வாரத்தில் மூன்று நாள் வந்து எல்லா வகுப்புகளுக்கும் கைவேலை சொல்லிக்கொடுப்பார். வயது நாற்பத்து மூன்று. நாற்காலியில் உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டே பென்சில் சீவுவார். அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே காகிதம் கிழிப்பார்.

பள்ளிக்கு வருவதற்கு முன் ஆறு வேலை பார்த்தவர். ஆடை நிறுவனத்தில் துணி வெட்டினார், பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுத்தார், அச்சகத்தில் பிழை திருத்தினார். எதிலும் இரண்டு வருடம் தாண்டவில்லை. யாரும் விரட்டவில்லை. அவருக்கே ஒரு நாள் இருப்புக் கொள்ளாமல் போய்விடும். மறுநாள் ராஜினாமா கடிதம். கணவர் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒரு பல்சக்கரத்தை அரை நாள் பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய மனிதர். "உனக்கும் சேர்த்து நான்தான் உட்கார்ந்துட்டு இருக்கேன்" என்பார்.

பள்ளி வேலை மட்டும் மூன்றாவது வருடத்தைத் தொட்டிருந்தது. காரணம் எளிது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் அவரைப் போலவே இருப்புக் கொள்ளாது. முட்டை அட்டையை வெட்டிக் கம்பளிப்பூச்சி, சாயத்தில் நனைத்த நூலை இழுத்துப் பூ, பழைய காலுறையில் பொம்மை என்று வாரம் ஒன்று. வகுப்பு முடியும்போது தரையில் கால் வைக்க இடம் இருக்காது.

அன்றைக்கு இரண்டாம் வகுப்புக்குப் பிளாஸ்டர் வேலை. அட்டைப் பெட்டியின் மூடியில் களிமண்ணைப் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையும் கையை அழுத்தி எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் டீச்சர் தண்ணீரில் கரைத்த பிளாஸ்டர் மாவை ஊற்றுவார். இறுகியதும் களிமண்ணை உரித்தால் வெள்ளைக் கை.

இருபத்தெட்டு மூடிகளில் ஊற்றி முடித்தபோது வாளியில் பாதி மிச்சமிருந்தது. இனி காத்திருப்பதுதான் வேலை. அது டீச்சருக்கு வராத ஒரே வேலை.

வகுப்பிலேயே குள்ளமான சிறுமி ஒருத்தி அவரது புடவையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் அவளைக் 'கடுகு' என்று கூப்பிடுவார்கள்.

"டீச்சர், என் கை தட்டையா வருது. எனக்கு முழுக் கை வேணும்."

"அடுத்த வாரம் பார்க்கலாண்டா கண்ணு. யாரும் எதையும் தொடாதீங்க, இதோ வந்துட்டேன்."

கலக்கிய குச்சியைக் கழுவ நடைக்கோடியில் இருந்த குழாய்க்குப் போனார். கழுவியாயிற்று. திரும்பும் வழியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் கோணலாகத் தொங்கியது. பின்னைப் பிடுங்கி நேராகக் குத்தினார். உடனே பக்கத்துத் தாள் கோணலாகத் தெரிந்தது. அதையும் குத்தினார். பிறகு அதற்கு மேலிருந்ததையும்.

அவர் திரும்பி வந்தபோது வகுப்பு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. கடுகு வாளியருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டுவரை வாளிக்குள் இருந்தது. திட்டு விழும் என்று அழுகையை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்... சுடுது."

பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், தடிமன் கூடக் கூடச் சூடும் கூடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் மூடிகளில் மெல்லிசாக ஊற்றியிருந்தார். வாளியில் இருந்தது ஒரு சாண் ஆழம்.

"இழுக்காதடா. இழுக்கவே கூடாது" என்றபடி மண்டியிட்டார். இரும்பு ஸ்கேலால் ஓரத்தைக் குத்தினார். மேல்பாகம் ஈரச் சுண்ணாம்புக்கட்டிபோல் உதிர்ந்தது. ஸ்கேல் விரலில் பட்டுவிடுமோ என்று பயந்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நகத்தாலேயே தோண்டினார். உள்ளே போகப் போகச் சூடு அவர் விரலையே சுட்டது. இரண்டு நகங்கள் பிய்ந்தன. ஒருவழியாகக் கை விடுபட்டதும் சிறுமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். கை செக்கச் செவேலென்று இருந்தது. விரலிடுக்கில் இரண்டு கொப்புளங்கள்.

மருத்துவர் மருந்து தடவிக் கட்டுப் போட்டார். "பத்து நாள்ல ஆறிடும். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டு இருப்பேன்" என்றார்.

கடுகின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவர். பாதி வேலையில் மாற்று ஆளை விட்டுவிட்டுச் சீருடையிலேயே பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் அறையில் டீச்சரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்க போனீங்க?"

குச்சியைக் கழுவப் போனேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். தலைமையாசிரியரின் முகமும் அதைத்தான் எதிர்பார்த்தது.

"குச்சியைக் கழுவப் போனேங்க. வர்ற வழியில போர்டுல பேப்பர் கோணலா இருந்துச்சு. அதை நேரா வெச்சுட்டு இருந்தேன்."

"என் பொண்ணு கை வெந்துட்டு இருக்கு, நீங்க பேப்பரை நேராக்கிட்டு இருந்தீங்க" என்றார் அந்த அம்மா. சத்தம் போடாமல்தான் சொன்னார். எழுந்து போய்விட்டார்.

"விளக்கம் எழுதிக் குடுங்க. நான் சொல்ற வரைக்கும் கலர் பென்சில் மட்டும்தான்" என்றார் தலைமையாசிரியர்.

வீட்டுக்கு வந்து விளக்கத்துக்குப் பதில் ராஜினாமா எழுதினார் டீச்சர். கணவர் லென்ஸைக் கழற்றிவிட்டு வாங்கிப் படித்தார்.

"இத்தனை நாள் நீயா கிளம்பின. இது ஓடுறது."

"இருந்து என்னங்க பண்ணச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது நீ அங்க இல்லைன்னா, தன்னாலதான் போயிட்டாங்கன்னு நினைக்கும்."

கடிதம் நான்கு நாள் கைப்பையிலேயே கிடந்தது. டீச்சருக்கு நின்றால் நடக்கத் தோன்றியது, நடந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் பேருந்து நிலையத்துக்குப் போய், எந்தத் தடம் என்று விசாரித்து, அந்த அம்மா ஓட்டும் வண்டியில் ஏறிவிட்டார். ஏறிய பிறகுதான் உறைத்தது, ஓடும் வண்டியில் ஓட்டுநரிடம் பேச முடியாது. கண்ணாடியில் இருவர் கண்களும் ஒரு தடவை சந்தித்தன. அவ்வளவுதான். ஐம்பது நிமிடம். கைப்பையின் வாரைத் திருகித் திருகி ஒரு தையலே விட்டுப்போயிற்று.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"ஆமாங்க. வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். அதையும் சொல்லிட்டுப் போகலாம்னு."

"மன்னிச்சுட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்." இப்போதுதான் திரும்பினார். "ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு அஞ்சு செகண்ட் வேற பக்கம் பார்த்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். நானும் பார்த்திருக்கேன். என் நல்ல நேரம், குறுக்க யாரும் வரலை. அதான் அன்னிக்குக் கத்தலை."

டீச்சர் கைப்பை வாரைத் திருகுவதை நிறுத்தினார்.

"போறது வர்றது உங்க இஷ்டம். ஆனா வகுப்புல இருந்தா உள்ள இருங்க. வாசலைத் தாண்டாதீங்க."

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி விளக்கமாக எழுதிக் கொடுத்தார் டீச்சர். பிளாஸ்டர் இனி கிடையாது. ஈர வேலை நடக்கும்போது இன்னொரு ஆசிரியரும் வகுப்பில் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளுடன் தலைமையாசிரியர் அனுமதித்தார்.

கடுகு திரும்பி வந்தாள். கை ஆறியிருந்தது; கைவேலைப் பயம் ஆறவில்லை. பசை, சாயம், களிமண் என்று ஈரமாக எதைக் கண்டாலும் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வாள். டீச்சர் வற்புறுத்தவில்லை. அவளுக்குக் கிழித்து அடுக்கவும் மடிக்கவும் காய்ந்த காகிதம் கொடுத்தார். இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் காகிதக்கூழ்க் கிண்ணம் செய்யும் வகுப்பு. பெரிய தட்டில் ஆறிய மாவுப் பசை. பக்கத்தில் இன்னொரு ஆசிரியை. கடுகு அருகில் வந்து நின்றாள்.

"இது சுடுமா?"

"சுடாது."

"அன்னிக்கும் முதல்ல சுடலை. அப்புறம்தான் சுட்டுச்சு."

டீச்சர் கையைத் தட்டில் மணிக்கட்டுவரை விட்டார். "நான் வெச்சிருக்கேன். நீ எவ்வளவு நேரம் சொல்றியோ அவ்வளவு நேரம்."

"ஐந்நூறு எண்ணணும்."

வகுப்பே எண்ணத் தொடங்கியது. நூற்றுப்பத்தில் குழம்பி மறுபடி நூறிலிருந்து வந்தார்கள். டீச்சருக்கு மூக்கு அரித்தது. முதுகு அரித்தது. யாரோ ஒருத்தி நிறக்குடுவையைத் தட்டிவிட, மேசை விளிம்பிலிருந்து நீலம் சொட்டியது. அதைத் துடைக்கக் கை துடித்தது. எடுக்கவில்லை. இன்னொரு ஆசிரியைதான் துடைத்தார். முந்நூற்று நாற்பதில் மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஐந்நூறு என்று கத்தி முடித்ததும் கடுகு அவர் கையை வெளியே இழுத்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பி, விரலிடுக்கில் பார்த்தாள். பிறகு தன் சுட்டுவிரலைப் பசையில் லேசாக வைத்தாள்.

"ஐயே, கொழகொழன்னு இருக்கு" என்றாள்.

கிண்ணம் அன்று செய்யவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரம் செய்தாள். கோணல்மாணலான கிண்ணம், ஒரு பக்கம் ஓட்டை.

கடுகு இப்போது நான்காம் வகுப்பு. டீச்சருக்கு அந்தப் பள்ளியில் இது ஐந்தாம் வருடம். இப்போதும் உட்காருவதில்லை, வகுப்புக்குள்ளேயே ஒரு பீரியடில் அரை மைல் நடப்பார், வாசல் வரை போய்த் திரும்புவார். அந்த அம்மா அவரைப் பார்த்து இன்றுவரை சிரித்ததில்லை. போன மாதம் இளைய மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தபோது, வராந்தாவில் எதிரே நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"இவளுக்குக் கைவேலை வகுப்பு என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமைங்க."

"பழைய சட்டை போட்டு அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனார்.