அடுப்புக்கு மேலே வைத்த காப்பிக்கொட்டை

பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அதற்கு அடுத்த சித்திரை. அந்த மழையில்தான் என் சைக்கிள் போனது. அது வேறு கதை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு காப்பித்தூள் கடையில் கொட்டை வறுக்கிறவன் நான். பள்ளிக்கூடம் போனதில்லை. வாசனையை வைத்து எப்போது இறக்க வேண்டும் என்று சொல்வேன், அது ஒன்றுதான் என் படிப்பு.

ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மகளைப் பெருங்களத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மலையில் முக்கால் ஏக்கர் காப்பி. அங்கே எல்லாரும் பழத்தை அப்படியே வியாபாரியிடம் போட்டுவிடுவார்கள், அவர் சொன்னதுதான் விலை. இந்த அம்மா சிவந்த பழமாகப் பறித்து, தோல் உரித்து, காயவைத்து, ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்திருந்தார். வறுத்தேன். முதலாளி குடித்துப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் ரெண்டு மூட்டை எடுத்துக்கினு வாம்மா. இதே மாதிரி இருந்தா நானே வாங்கிக்கறேன்."

அந்த அம்மா கிளம்பும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "ஈரம் மட்டும் படாம பாத்துக்கோமா. பட்டுச்சுன்னா பேஜாராயிடும்" என்றேன்.

அடுத்த வருஷம் சொன்னபடியே இரண்டு மூட்டையோடு வந்தார். சட்டி சூடானதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி ஒரு வாய் குடித்து டம்ளரை வைத்தார்.

"இன்னாமா, காப்பில விறகடுப்புப் பொகை நாத்தம் அடிக்குது?"

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அண்ணா, ஈரம் படக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பனில எங்க வூட்டுச் சுவரே ஊறிக் கெடக்கும். காஞ்ச எடம் அடுப்புக்கு மேல பரண் ஒண்ணுதானுங்க. ராகி, வெதை எல்லாம் அங்கதான் வெப்போம்."

சித்திரையில் மொட்டைமாடியில் கால் வைக்க முடியாத ஊர்க்காரன் நான். மலைப் பனியை எங்கே கண்டேன்? தப்பு என்னுது என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப ரெண்டு மூட்டையும் நீயே குடி" என்றார்.

அந்த அம்மா அழவில்லை. "எங்க வெக்கணும்னு மட்டும் சொல்லுங்கண்ணா."

"தெர்லமா. ஈரமும் ஆகாது, பொகையும் ஆகாது."

"சரிங்க. எடத்த நான் பாத்துக்கறேன்."

புகை ஏறிய கொட்டையில் ஒரு கைப்பிடியை முந்தானையில் முடிந்துகொண்டார். எதற்கு என்றேன். புகை நாற்றத்தை மோந்து பார்த்துப் பழகிக்கொள்ள என்றார். மூட்டைகளைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வியாபாரியிடமே போட்டாராம்.

மூன்றாவது சித்திரையில் மூன்று மூட்டை. முதலாளி குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். பிறகு, "எங்கமா வெச்ச?"

"உள் ரூம்ல என் கட்டில் மேலங்க. கட்டில சுவத்துல படாம நடுவுல தள்ளிப் போட்டு, கம்பளி போத்தி வெச்சேன். நான் அடுப்பாண்ட தரையில படுத்துக்கிட்டேன்."

"காப்பிக்குக் கட்டிலு, உனக்குத் தரையா?"

"மூணு மாசந்தானுங்க. அப்புறம் எனக்கு."

மூன்று மூட்டையும் எடுத்துக்கொண்டோம். இப்போது வருஷா வருஷம் வருகிறார். பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்களும் காயவைக்கத் தொடங்கியிருக்கிறார்களாம். எனக்கு முட்டி வலி, மலை ஏறிப் போய்ச் சொல்ல முடியாது. காப்பிச் செடி வைத்திருக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், கொட்டையை அடுப்புக்கு மேலே வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாக வேண்டாம், அந்த அம்மா சொன்னதாகச் சொல்லுங்கள்.